நாய்க்கு மலச்சிக்கல்: பூசணிக்காய், இசப்கோல் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மட்டன் எடுத்தால் செவ்வாய்க்கிழமை தெருவோரத்தில் நாய் முக்கிக்கொண்டு நிற்கும். நாய் வளர்க்கும் பல வீடுகளில் நடப்பதுதான். எங்கள் மணி பதினாறு கிலோ நாட்டு நாய். விருந்தாளிகள் வந்தால் ஆளுக்கொரு எலும்பு போடுவார்கள், இரண்டு நாள் கழித்து ஆளுக்கொரு வைத்தியமும் சொல்வார்கள். விளக்கெண்ணெய் கொடு என்பார் மாமியார். உலர்திராட்சையை ஊறப்போட்டுக் கொடு என்பார் பக்கத்து வீட்டு அக்கா. இசப்கோலைக் கையில் எடுத்துக் கொடுப்பார் மெடிக்கல் கடைக்காரர். இதில் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். விளக்கெண்ணெய் வயிற்றைப் புரட்டும். இசப்கோல் நல்லதுதான், ஆனால் தண்ணீர் குறைந்தால் அதுவே உள்ளே அடைத்துக்கொள்ளும்.

எதை, எவ்வளவு, எந்த வரிசையில் செய்வது என்று கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைக் கீழே எழுதியிருக்கிறேன். நாய் சாப்பிடுகிறது, சுறுசுறுப்பாக இருக்கிறது, மலம் மட்டும் கெட்டியாக வருகிறது அல்லது ஒரு நாள் தவறிவிட்டது என்ற நிலைக்கு மட்டும்தான் இது. அதைத் தாண்டியிருந்தால் இரண்டாம் படியைப் படித்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

1. முதலில், இது மலச்சிக்கல்தானா என்று பாருங்கள்

நாய் குனிந்து முக்குகிறது என்றாலே மலச்சிக்கல் என்று முடிவு கட்டிவிடுகிறோம். குறைந்தது நான்கு வேறு காரணங்களுக்காகவும் நாய் அப்படி முக்கும்.

முதலாவது, சிறுநீர் அடைப்பு. ஆண் நாய்க்குச் சிறுநீர்க் கல் வந்து குழாயை அடைத்தால், அது மறுபடி மறுபடி காலைத் தூக்கும், உட்காரும், முக்கும், சொட்டுச் சொட்டாகத்தான் போகும். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இது சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாக மாறக்கூடியது. அதனால் நாயை வெளியே கூட்டிப்போகும்போது செல்போனில் டார்ச் அடித்தாவது பாருங்கள்: சிறுநீர் ஒரே வீச்சில் தாராளமாகப் போகிறதா? போகவில்லை என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

இரண்டாவது, பேதி. பெருங்குடல் புண்ணாகி இருக்கும்போது நாய் அடிக்கடி உட்காரும். கொஞ்சம் சளி, கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் தண்ணீர் போல வரும், பிறகு ஒன்றும் வராமல் முக்கும். கடைசியாக நடந்ததை மட்டும் பார்த்தால் மலச்சிக்கல் போலவே தெரியும்.

மூன்றாவது, முடி. பொமரேனியன், ஷிட்ஸு, லாசா ஆப்சோ போன்ற சடை நாய்களுக்கு வாலுக்கடியில் முடியும் மலமும் சேர்ந்து காய்ந்து மூடி போல ஒட்டிக்கொள்ளும். உள்ளே எந்தக் கோளாறும் இருக்காது, வெளியேதான் வழி இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து டிரிம்மரால் எடுத்தால் அன்றைக்கே சரியாகிவிடும். கத்தரிக்கோல் வேண்டாம், அந்த இடத்துத் தோல் மிக மெல்லியது.

நான்காவது, ஆசனவாய்க்கு இரு பக்கமும் இருக்கும் சிறு பைகள். அவை நிரம்பி அடைத்துக்கொண்டால் நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே நகரும், ஓயாமல் நக்கும், வலியால் மலம் போகவே பயப்படும். இதற்கு நார்ச்சத்து மட்டும் போதாது. பைகளை அழுத்திக் காலிசெய்யத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

உண்மையான மலச்சிக்கல் என்றால் மலம் உருண்டை உருண்டையாக, காய்ந்து, கடினமாக இருக்கும். எலும்பு தின்ற நாய்க்கு வெள்ளையாக, சுண்ணாம்புக் கட்டி போல உதிரும். மருத்துவர்கள் மலத்தை 1 முதல் 7 வரை எண் போட்டுச் சொல்வார்கள். 1 என்றால் கல் போன்ற உருண்டை, 7 என்றால் வெறும் தண்ணீர், 2-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. உருவம் கலையாமல் இருக்க வேண்டும், எடுத்தால் தரையில் லேசாகத்தான் ஒட்ட வேண்டும்.

2. வீட்டில் எதையும் முயலக் கூடாத நிலைகள்

கடைசியாக மலம் போய் 48 மணி நேரம் ஆகிவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். பூசணிக்காய் கொடுக்க ஆரம்பித்த நேரத்திலிருந்து 48 மணி எண்ணக் கூடாது. கடைசியாக மலம் போன நேரத்திலிருந்து எண்ணுங்கள். நாம் கவனிப்பதற்குள்ளேயே ஒரு நாள் போயிருக்கும், அதனால் வீட்டு வைத்தியத்துக்கு உண்மையில் கிடைப்பது ஒரே நாள்தான்.

வாந்தி, வயிறு உப்பியோ கல் மாதிரியோ இருப்பது, தொட்டால் கத்துவது, சாப்பிட மறுப்பது, சோர்ந்து படுத்தே இருப்பது, ரத்தம், காய்ச்சல், பின்னங்கால் தள்ளாடுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் எதையும் கொடுக்காதீர்கள். பந்து, சாக்ஸ், மாங்கொட்டை, சோளக் கதிரின் தண்டு, பால் கவர் என்று எதையாவது விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் அப்படியே. குடல் அடைபட்டிருக்கும்போது நார்ச்சத்து கொடுத்தால் அடைப்புக்குப் பின்னால் மேலும் மேலும் சேரும்.

ஆசனவாயிலிருந்து நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். தையல் நூலோ பட்டம் நூலோ, அதன் மறுமுனை குடலுக்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கலாம். இழுத்தால் குடலை அறுத்துவிடும். எலும்புத் துண்டு எட்டிப் பார்த்தாலும் கையை வைக்க வேண்டாம்.

குட்டிகள், சினை நாய், சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ உள்ள நாய், முன்பு வண்டியில் அடிபட்டு இடுப்பு எலும்பு உடைந்து சேர்ந்த நாய், இவற்றுக்கும் முதலில் மருத்துவர், பிறகுதான் பூசணிக்காய். கருத்தடை செய்யாத வயதான ஆண் நாய் என்றால் புராஸ்டேட் சுரப்பி வீங்கிக் குடலை அழுத்திக்கொண்டிருக்கலாம். அப்போது மலம் பட்டையாக, நாடா போல வரும்.

3. ஒரு தாளில் ஐந்து விஷயம் எழுதுங்கள்

பத்து நிமிட வேலைதான். நாயின் எடை, கடைசியாக மலம் போன நாளும் நேரமும், கடந்த மூன்று நாளில் தின்றவை (விருந்தாளி போட்டதும் சேர்த்து), கொடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரை மருந்துகள், கடைசியாகப் பூச்சி மருந்து கொடுத்த தேதி.

எடை தெரியாவிட்டால் நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்லும் எடை பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

மருந்துப் பட்டியலைக் கவனமாகப் பாருங்கள். இரும்புச்சத்து டானிக், வலிக்கான சில மருந்துகள், அரிப்புக்கான அலர்ஜி மாத்திரை, அலுமினியம் கலந்த அல்சர் சிரப் எல்லாமே மலத்தை இறுக்கக்கூடியவை. உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் குறைந்து இரும்பு டானிக் குடித்துக்கொண்டிருக்கும் நாய் என்றால், காரணம் அந்த பாட்டிலாகவே இருக்கலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்த மருத்துவருக்குப் போன் செய்து கேளுங்கள்.

4. நார்ச்சத்துக்கு முன் தண்ணீர்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

நார்ச்சத்து தானாக மலத்தை இளக்குவதில்லை. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அந்தத் தண்ணீர்தான் இளக்குகிறது. உடம்பில் தண்ணீர் குறைந்தால் பெருங்குடல் மலத்திலிருந்து கிடைக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். அந்த நேரத்தில் நார்ச்சத்தைத் திணித்தால் காய்ந்த கட்டி பெரிய கட்டியாகும், அவ்வளவுதான்.

முதலில் நாய் வறண்டிருக்கிறதா என்று பாருங்கள். உதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டால் வழவழவென்று ஈரமாக இருக்க வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினால் தண்ணீர் போதவில்லை. தோள்பட்டைக்கு மேலே தோலைப் பிடித்துத் தூக்கி விடுங்கள், சட்டென்று பழையபடி படிய வேண்டும். மெதுவாக இறங்கினால் அது வாயால் குடித்து ஈடுகட்டும் நிலையைத் தாண்டியிருக்கலாம். டிரிப் ஏற்ற வேண்டுமா என்று மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் என்பது பொதுக் கணக்கு. இருபது கிலோ நாய்க்கு ஒரு லிட்டரிலிருந்து 1.2 லிட்டர் வரை. சாப்பாட்டில் இருக்கும் ஈரமும் இதில் சேரும். கத்திரி வெயிலில் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

குடிக்க மாட்டேன் என்கிற நாயை மிரட்டிப் பயனில்லை. சாப்பாட்டோடு சேர்த்து உள்ளே அனுப்புங்கள். பாக்கெட் தீனி போடுகிறவர்கள் அதை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஆறிய பின் கஞ்சி பதத்தில் வைக்கலாம். சோறு போடுகிறவர்கள் குழைய வடித்து, கோழி வேகவைத்த தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம். அந்தத் தண்ணீரில் உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், எனவே நமக்கு வைத்த சூப்பில் பங்கு கொடுக்கிற வழக்கம் வேண்டாம். தண்ணீர்ச் சட்டியை இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள், காலையும் மாலையும் கழுவி மாற்றுங்கள். பாசி பிடித்த சட்டியில் குடிக்காமல் குளியலறை வாளியைத் தேடிப் போகும் நாய்கள் நிறைய உண்டு.

சிரிஞ்சில் தண்ணீரை வாய்க்குள் பீய்ச்ச வேண்டாம். புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.

5. மஞ்சள் பூசணிக்காய்: இங்கிருந்து தொடங்குங்கள்

பரங்கிக்காய் என்று சொன்னாலும் கொங்குப் பக்கத்தில் அரசாணிக்காய் என்று சொன்னாலும் காய் ஒன்றுதான். சாம்பாரில் போடும் மஞ்சள் காய், திருஷ்டி சுற்றும் வெள்ளைப் பூசணி இல்லை. சந்தையில் கிலோ முப்பது, நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு கீற்று வாங்கினால் நடுத்தர நாய்க்கு ஒரு வாரம் வரும். இணையத்தில் எல்லோரும் டின்னில் அடைத்த பூசணி விழுதைச் சொல்வார்கள். இங்கே அது இறக்குமதிச் சரக்கு, விலை அதிகம், தேவையும் இல்லை. தவறிப்போய் இனிப்பு, மசாலா சேர்த்த டின்னை வாங்கினால் வேறு தொல்லை.

தோல், விதை, நடுவில் இருக்கும் நார் மூன்றையும் எடுத்துவிட்டு இட்லிப் பானையில் ஆவியில் வேகவையுங்கள். குக்கர் என்றால் இரண்டு விசில். உப்பு, மஞ்சள்தூள், தாளிப்பு ஒன்றும் வேண்டாம். மத்தால் மசித்து ஆறவையுங்கள். மசித்ததும் ஒரு துளி நீங்கள் சுவைத்துப் பாருங்கள், கசந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். கசக்கும் பூசணி, சுரைக்காய் இரண்டுமே வயிற்றைக் கெடுக்கும். மசித்தது ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். மீதியை ஐஸ் டிரேயில் ஊற்றி உறையவைத்தால் வேளைக்கு ஒரு கட்டியாக எடுத்து, குளிர் விட்ட பிறகு கலக்கலாம்.

ஒரு வேளைக்கான தொடக்க அளவு:

5 கிலோவுக்குள்: 1 முதல் 2 டீஸ்பூன்
5 முதல் 15 கிலோ: 1 டேபிள்ஸ்பூன்
15 முதல் 30 கிலோ: 2 டேபிள்ஸ்பூன்
30 கிலோவுக்கு மேல்: 3 முதல் 4 டேபிள்ஸ்பூன்

மூன்று டீஸ்பூன் சேர்ந்தது ஒரு டேபிள்ஸ்பூன். குழம்புக் கரண்டியால் அளக்க வேண்டாம்.

இதுவரை காய்கறியே தின்னாத நாய் என்றால் முதல் வேளைக்குப் பாதி அளவு போதும். எடுத்த எடுப்பில் நிறையப் போட்டால் வாயு, வயிற்று இரைச்சல், அடுத்த நாள் பேதி என்று பிரச்சினை தலைகீழாகும். பேதியில் மேலும் தண்ணீர் இழந்து, அதற்கடுத்த நாள் மறுபடி இறுகும்.

பூசணியின் பலமும் பலவீனமும் ஒன்றுதான்: அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். நூறு கிராமில் ஒரு கிராம் அளவுக்குத்தான் நார்ச்சத்து. அதனால்தான் கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் கெடுதல் குறைவு. லேசான சிக்கலுக்கு இதுவே போதும், 24 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் பலன் தெரியும்.

பூசணி கிடைக்காத நாளில் வேகவைத்த கேரட், பீன்ஸ், தோல் நீக்கிய சர்க்கரைவள்ளி, விதை நீக்கிய பப்பாளி எல்லாம் இதே அளவில் கொடுக்கலாம். பச்சைக் கேரட்டைப் பெரிய துண்டாகப் போட்டால் பாதி அப்படியே வெளியே வரும்.

6. இசப்கோல்: அளவும் தண்ணீரும் தவறக் கூடாது

மெடிக்கல் கடையில் கிடைக்கும் வெறும் இசப்கோல் உமி, அதாவது வெள்ளையாக, உப்போ இனிப்போ இல்லாதது. நூறு கிராம் பாக்கெட் நூற்றைம்பது ரூபாயை ஒட்டி இருக்கும். நாய்க்கு அது மாதக்கணக்கில் வரும். வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் படியுங்கள். ஆரஞ்சு வாசனை, சுகர் ஃப்ரீ என்று போட்டிருந்தால் வைத்துவிடுங்கள். இனிப்புக்காகச் சேர்க்கும் பொருள்களில் சைலிடால் இருந்தால், கொஞ்சம்கூட நாயின் ரத்தச் சர்க்கரையைக் கிடுகிடுவென்று இறக்கிவிடும், ஈரலையும் தாக்கும். நிலாவரை கலந்த பேதிப் பொடிகளும் இதே அலமாரியில்தான் இருக்கும், அதுவும் வேண்டாம்.

இசப்கோல் பூசணி மாதிரி இல்லை. எடையில் பெரும்பகுதி நார்ச்சத்துதான். சப்ஜா விதை போலத் தண்ணீரை உறிஞ்சி ஊதிக்கொள்ளும். ஒரு டீஸ்பூனில் இருப்பது ஏறக்குறைய கால் கிலோ பூசணியில் இருப்பதை எட்டிவிடும். எனவே இரண்டையும் முழு அளவில் ஒரே நாளில் தொடங்க வேண்டாம்.

ஒரு நாளைக்கு ஒரு வேளை, சாப்பாட்டோடு:

5 கிலோவுக்குள்: கால் டீஸ்பூன்
5 முதல் 15 கிலோ: அரை டீஸ்பூன்
15 முதல் 30 கிலோ: 1 டீஸ்பூன்
30 கிலோவுக்கு மேல்: ஒன்றரை, அதிகபட்சம் 2 டீஸ்பூன்

ஒரு டீஸ்பூனுக்குக் குறைந்தது அரை டம்ளர், அதாவது நூறு மில்லி தண்ணீர். கலக்கி ஐந்து, பத்து நிமிடம் வைத்தால் கொழகொழவென்று ஆகும். அந்தக் கூழைத்தான் ஈரமான சாப்பாட்டில் பிசைய வேண்டும். உலர்ந்த பொடியைச் சோற்றின் மேல் தூவக் கூடாது. தொண்டையிலோ உணவுக்குழாயிலோ ஊதிக்கொண்டால் மூச்சுத் திணறும். நாய் அந்தச் சோற்றை மோந்துவிட்டுப் போய்விட்டால் வாயைத் திறந்து ஊட்ட வேண்டாம். கோழித் தண்ணீரை இன்னும் கொஞ்சம் ஊற்றி வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, இதய மாத்திரை சாப்பிடும் நாய்க்கு, மாத்திரைக்கும் இசப்கோலுக்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். இந்தக் கூழ் மாத்திரையையும் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. வலிப்பு நாய்க்கு இந்த இடைவெளி மிக முக்கியம், மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

பலன் தெரிய அரை நாளிலிருந்து இரண்டு மூன்று நாள் வரை ஆகலாம். ஆனால் 48 மணி நேரக் கணக்கு அதற்காகக் காத்திருக்காது. அதனால் முற்றிலும் நின்றுபோன மலத்துக்கு இசப்கோலை நம்பி உட்காராதீர்கள். கெட்டியாகவாவது தினம் போகிற நாய்க்கு, அது மறுபடி இறுகாமல் இருக்க உதவும் பொருள் இது.

7. நமக்கு நல்லது, நாய்க்கு ஆகாது

உலர்திராட்சை: கைக்குழந்தைக்கு மலம் இறுகினால் ஊறவைத்துக் கொடுக்கிற பழக்கம் நம் வீடுகளில் இருப்பதால் நாய்க்கும் கை போகும். திராட்சை எந்த வடிவத்தில் இருந்தாலும் நாய்க்குச் சிறுநீரகம் செயலிழக்கலாம். எத்தனை தின்றால் ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஊறிய தண்ணீரும் வேண்டாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

விளக்கெண்ணெயும் கடுக்காயும் குடலைத் தூண்டிப் பேதியாக்கி, தண்ணீரை வெளியேற்றும். வறண்ட நாய்க்கு அது இன்னும் கெடுதல். வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்துச் செருகுவது, சோப்புத் துண்டு வைப்பது எல்லாம் குழந்தைக்கே இப்போது வேண்டாம் என்கிறார்கள். வலியில் இருக்கும் நாய் கடிக்கவும் செய்யும்.

மெடிக்கல் கடையில் கிடைக்கும் எனிமா பாட்டிலைத் தொடவே வேண்டாம். அவற்றில் பல சோடியம் பாஸ்பேட் கலந்தவை. சிறிய நாய்க்கும் பூனைக்கும் அது ரத்தத்தில் பாஸ்பேட்டை ஏற்றி, கால்சியத்தை இறக்கி உயிரையே எடுத்துவிடும். லிக்விட் பாரபின் கலந்த சிரப்புக்கு நெடியும் ருசியும் இல்லாததால் நாய் அதை விழுங்கத் தவறி நுரையீரலுக்குள் இழுத்துக்கொள்ளும், அதில் வரும் நிமோனியா மோசமானது. லாக்டுலோஸ் சிரப்பை மருத்துவர்களே நாய்க்கு எழுதுவார்கள், ஆனால் எடை பார்த்து அளவு சொல்வது அவர்கள் வேலை.

நெய், தேங்காயெண்ணெய் ஊற்றினால் வழுக்கிக்கொண்டு வரும் என்பது வெறும் நம்பிக்கை. திடீரென்று கொழுப்பு ஏறினால் கணையம் வீங்கலாம். பால் குடித்தால் பேதியாகும் நாய்கள் உண்டு என்பதால் பாலை மருந்தாகக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பேதி என்பது மலச்சிக்கலுக்கு வைத்தியம் ஆகாது.

8. முதல் 24 மணி நேரம்

காலையில் கவனித்தீர்கள் என்றால், முதலில் ஈறும் தோலும் பார்த்துவிட்டுத் தண்ணீர்ச் சாப்பாடு. அதிலேயே பூசணி, தொடக்க அளவில் பாதி. எலும்பு, மெல்லும் எலும்பு பிஸ்கட், பதப்படுத்திய தோல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

வெயில் இறங்கியதும் நடக்கக் கூட்டிப்போங்கள். வழக்கத்தைவிடப் பத்து, பதினைந்து நிமிடம் கூடுதலாக, அவசரப்படுத்தாமல். நடந்தால் குடலும் அசையும். மொட்டை மாடியில் கட்டிவைத்தே வளர்க்கும் நாய்களுக்கு நடக்காததே பாதிப் பிரச்சினை. வீட்டுக்குள் போகக் கூடாது என்று பழகிய நாய், வெளியே விடும் வரை அடக்கிக்கொண்டே இருக்கும், உள்ளே மலம் காய்ந்துகொண்டே இருக்கும்.

இரவுச் சாப்பாட்டில் பூசணி முழு அளவு. மறுநாள் காலை மலம் வந்தால், கெட்டியாக இருந்தாலும், இதே முறையைத் தொடரலாம். வரவில்லை என்றால், அல்லது முக்கிக்கொண்டே இருந்தால், மூன்றாம் படியில் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு மருத்துவமனை.

9. மருத்துவமனைக்குப் போகும்போது

தடுப்பூசி அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், அந்தத் தாள், நாய் முக்கும்போது எடுத்த வீடியோ, முடிந்தால் கடைசி மலத்தின் போட்டோ. மருத்துவர் முன்னால் நாய் முக்கிக் காட்டாது, அதனால் வீடியோ மிக உதவும். கழுத்துப் பட்டை, சங்கிலியோடு வாய்மூடியும் எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சாதுவான நாயானாலும் வயிற்றை அழுத்தும்போது திரும்பும். மயக்கம் கொடுக்க வேண்டி வரலாம், எனவே கிளம்பும் முன் வயிறு நிறையச் சோறு போட வேண்டாம்.

சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கால்நடைக் கல்லூரிகள் உண்டு. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனை. செலவு மிகக் குறைவு, ஆனால் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்க வேண்டும். சில மருந்துகளை வெளியே வாங்கச் சொல்வார்கள். எல்லா ஊர் கால்நடை மருத்துவமனையிலும் எக்ஸ்ரே இருக்காது என்பதால் முதலில் விசாரித்துக்கொண்டு போங்கள்.

தனியார் கிளினிக்கில், நான் கண்டவரை, பார்வைக் கட்டணம் முந்நூறு முதல் எழுநூறு ரூபாய். எக்ஸ்ரே எடுத்தால் படத்துக்கு ஐந்நூறு முதல் ஆயிரம். டிரிப், மயக்கம், எனிமா என்று போனால் சில ஆயிரங்கள். ஊருக்கு ஊர் மாறும், கேட்டுவிட்டே தொடங்கச் சொல்லுங்கள். எலும்பு தின்ற நாய், அல்லது எதை விழுங்கியது என்று தெரியாத நாய் என்றால், எனிமா கொடுக்கும் முன் எக்ஸ்ரே வேண்டுமா என்று நீங்களே கேட்பதில் தவறில்லை. நல்ல மருத்துவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டில் என்னென்ன கொடுத்தீர்கள் என்பதை மறைக்காதீர்கள். விளக்கெண்ணெய் கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

10. சரியான பிறகு

மலம் நல்ல பதத்துக்கு வந்ததும் நார்ச்சத்தைச் சட்டென்று நிறுத்த வேண்டாம். இசப்கோலை ஒரு வாரத்தில் பாதியாக்கி, அடுத்த வாரம் விட்டுவிடலாம். பூசணியோ வேறு காயோ தினச் சாப்பாட்டில் கொஞ்சம் இருப்பது நல்லது. வெள்ளைச் சோறும் தயிரும், அல்லது வெள்ளைச் சோறும் கோழியும் மட்டும் தின்னும் நாய்க்கு நார்ச்சத்து அநேகமாகப் பூஜ்யம். ஆனால் தட்டில் காய் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், நாய்க்கு வயிறு நிறைந்து சத்துக் குறையும்.

பாக்கெட் தீனி வாங்குகிறவர்கள் உறையில் குரூட் ஃபைபர் என்று நார்ச்சத்தின் சதவீதத்தைப் பார்ப்பீர்கள். அந்த எண்ணைக் கண்டறியும் சோதனையில் தண்ணீரில் கரையும் நார்ச்சத்து பெரும்பாலும் பிடிபடாது. அதனால் இரண்டு பிராண்டுகளை அந்த எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள்.

எலும்பைப் பொறுத்தவரை என் வீட்டில் சட்டம் எளிது: வேகவைத்த எலும்பு எதுவும் கிடையாது. வெந்த எலும்பு கூராக உடையும், உடைந்த தூள் குடலில் சிமெண்டாக இறுகும். விருந்தாளிகள் வரும் அன்று மணியைப் பின்கட்டில் விட்டுவிடுகிறோம், இலை எடுத்த பிறகுதான் கதவு திறக்கும். அதற்குக் கோபித்துக்கொண்ட சித்தப்பா ஒருவர் உண்டு.

இவ்வளவும் செய்து, இரண்டு மாதத்துக்குள் மறுபடி மறுபடி இறுகினால் இசப்கோல் அளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். புராஸ்டேட், ஆசனவாய்க்குப் பக்கத்தில் குடலிறக்கம், தைராய்டு குறைவு, முதுகெலும்புக் கோளாறு, தளர்ந்து பெருத்துப்போன பெருங்குடல் என்று தேடிப் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. பெருங்குடல் தளர்ந்துபோன நாய்க்கு நார்ச்சத்தை எதிர்மாறாகக் குறைக்கச் சொல்வார்கள். அந்த நிலையில் மலத்தின் பருமனைக் கூட்டினால் தள்ளுவதற்குத் தசையில் பலம் இருக்காது.